கிளியின் வயிற்றில் ஓட்டை

"என்ன நம்பி சார், கிளி வயித்துலயே ஓட்டை போட்டுட்டீங்க?" பதறினார் சத்தியநேசன்.

ஆபீஸ் விட்டால் ரம்பமும் பிளைவுட்டும்தான் இருவருக்கும் பொழுதுபோக்கு. நம்பியின் வேலையைப் பார்க்க சத்தியநேசன் ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறி வந்திருந்தார்.

நம்பி அசரவில்லை. பலகையில் வரைந்திருந்த கிளியின் ஓட்டைக்குள் மெல்லிய பிளேடை நுழைத்து மாட்டி, மெஷினை மிதித்தார்.

"ஓரத்துலேருந்து அறுத்து வந்தா கிளி முழுசா கிடைக்கும்லா?"

"அப்படி அறுத்தா சுத்தியிருக்க பலகை பிளந்துரும்."

"அது அடுப்புக்குப் போற கழிவுதான சார்."

நம்பி சிரித்தார். "விடிஞ்சா மார்கழி. இது சரியா அமையலேன்னா என் வீட்டுக்காரி மனசு ஒடிஞ்சு போவா. செத்த இருங்க, காபி போட்டுக் கொண்டாறேன்."

சத்தியநேசனுக்கு மனசு கேட்கவில்லை. வீட்டுக்குப் போனதும் ஓட்டையில்லாத கிளி ஒன்றை அறுத்தார். மறுநாள் முதல் பஸ்ஸிலேயே கொண்டுவந்தார்.

வாசலில் நம்பியின் மனைவி வஞ்சுளவல்லி மணைமேல் உட்கார்ந்திருந்தார். எதிரே தரையில், கிளியை எடுத்துவிட்ட அந்தப் பலகை. வாதம் வந்து நடுங்கும் கையால் அவர் கோலப்பொடியைத் தூவ, பாதி பலகை மேலேயே சிந்தியது.

நம்பி பலகையை மெல்லத் தூக்கினார். சிந்தியதெல்லாம் அதோடு போய்விட்டது. ஆண்டாளின் கிளி மட்டும் பிசிறில்லாமல் தரையில் இருந்தது.

"தெருவுல இந்த வருஷமும் என் கோலந்தான் முதல்ல," என்றார் வஞ்சுளவல்லி.

சத்தியநேசன் தம் கிளியைப் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டார்.

"நாளைக்கு என்ன கோலம்மா? தாமரையா? நான் அறுத்துட்டு வாரேன். ஓட்டையைப் பூ நடுவுலயே போட்டுருதேன்."