நடக்கிற எல்லை

துணி எடுக்கத்தான் மாடிக்கு வந்தேன், சத்தியமாக. கீழே மணல்மேட்டில் பக்கத்து வீட்டு அண்ணனும் தம்பியும் மல்லுக்கு நிற்கிறார்கள். "பழச்செடிக்கு இந்தப் பக்கம் பெரியவனுக்கு, அந்தப் பக்கம் சின்னவனுக்கு" என்று அப்பன் வாயால் பிரித்துக் கொடுத்த நிலம். எல்லையான அந்த முட்பழச்செடியோ வருஷா வருஷம் வேர்விட்டு ஊர்ந்து, இப்போது அண்ணனின் கொல்லைக் கதவருகே நிற்கிறது. வெயிலில் அண்ணன் கையில் அரிவாள் மின்ன, கருநீலப் பழங்கள் தெறித்துச் சிதறுகின்றன. "அண்ணன்னு பார்க்கமாட்டேன், என் எல்லையில கை வைக்காதே!" தம்பி தண்டைப் பிடித்துக்கொள்கிறான். "கைய எடுடா நாயே!" எடுக்கவில்லை. அரிவாள் இறங்குகிறது. இரண்டு விரல்கள் மணலில் விழுகின்றன. "ஐயோ, கொழுந்தனாரே!" என்று அண்ணி அலறுகிறாள், அண்ணன் அரிவாளைக் கீழே போடுகிறான். தம்பியோ மிச்ச விரல்களால் வெட்டுப்பட்ட கிளையை இழுத்துப் போய், அண்ணன் வீட்டுப் படியை ஒட்டி ஊன்றி, காலால் மிதித்துக் கெட்டிப்படுத்துகிறான்.