மூன்றாவது கடைசி

ஜெபத்தில் கண் திறக்கக் கூடாது என்பது எங்கள் வாலிபர் ஐக்கியத்தின் சட்டம். போன வாரம் நான் திறந்ததை ஐக்கியத் தலைவர் ரெஜின் அண்ணன் எல்லோர் முன்னாலும் சொல்லிக் காட்டினார். அதை அவர் எப்படிப் பார்த்தார் என்று யாரும் கேட்கவில்லை. இன்று காயலின் நடுவில் ஒருவர் மட்டும் உட்காரும் ஏழு கயாக் படகுகளை வட்டமாகச் சேர்த்து, ஒவ்வொருவரும் பக்கத்துக் கயாக்கின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கண்களை மூடினோம். என் இடது கையில் பெனிட்டாவின் கயாக். அவளுக்கு நீச்சல் தெரியாது. மூச்சு முட்டுகிறது என்று லைஃப் ஜாக்கெட்டைச் சற்று முன்புதான் கழற்றி மடியில் வைத்திருந்தாள். "ஒரு பிள்ளைக்கும் ஒரு பொல்லாப்பும் வராம காத்தீரே, ஸ்தோத்திரம் ஆண்டவரே," என்றார் அண்ணன். "கடைசியா, இந்தப் படகு தந்த குடும்பத்த ஆசீர்வதியும்." அவருடைய கடைசிக்குப் பிறகு எப்போதும் இன்னும் இரண்டு கடைசிகள் உண்டு. இரண்டாவது கடைசியின் நடுவில் களக் என்று ஒரு சத்தம். என் கைக்குக் கீழே பெனிட்டாவின் கயாக் ஒருபக்கம் சாய்ந்து நிமிர்ந்தது. பிறகு ரொம்பவும் இலேசாகிவிட்டது. மீன் துள்ளியிருக்கும் என்று நினைத்தேன். "பெனிட்டா," என்று மெல்லக் கூப்பிட்டேன். "ஸ்ஸ், ஜெபம் நடக்குல்லா," என்று வலப்பக்கத்திலிருந்து யாரோ அதட்டினார்கள். மூன்றாவது கடைசியும் முடிந்தது. "ஆமென்," என்றார் அண்ணன். கண்ணைத் திறந்தால் இடப்பக்கம் பார்க்க வேண்டிவரும். ஒருவரும் கண் திறப்பதற்குள், "அன்பின் ஆண்டவரே," என்று உரத்த குரலில் அடுத்த ஜெபத்தை நான் ஆரம்பித்துவிட்டேன். "ஸ்தோத்திரம்," என்று வட்டம் முழுக்கக் குரல்கள் எழுந்தன, என் இடப்பக்கத்தைத் தவிர.