கேட்கிறவர்

"உங்க ஆள் இன்னிக்கும் தூங்கறார் பாருங்க" என்றார் பக்கத்து அறை மொழிபெயர்ப்பாளர்.

அவள் தன் மொழிபெயர்ப்பு அறையின் கண்ணாடி வழியே குனிந்து பார்த்தாள். கீழே, சபையின் கடைசி வரிசையில், காதில் மொழிபெயர்ப்பு கேட்கும் கருவியை மாட்டிக்கொண்டு கண்மூடி உட்கார்ந்திருந்தார் அவர்.

நகரசபையில் தொடங்கி, மாகாணச் சட்டசபையையே கிடுகிடுக்க வைத்தவர். தேசத்தின் பெரிய சபைக்கு வந்ததும் பெட்டிப்பாம்பாகிவிட்டார். சபை மொழியில் அவர் ஒரு வார்த்தை பேசிக் கேட்டவர்களில்லை. பத்திரிகையில் கேலிச்சித்திரம்கூடப் போட்டுவிட்டார்கள்.

அவள் மொழிக்காரர்களில் மற்றவர்களெல்லாம் சபை மொழியிலேயே கேட்டுக்கொள்வதால், அத்தனை பெரிய சபையில் அவள் குரலைக் கேட்கிற ஒரே ஆள் அவர்தான்.

மதிய வெயில் கூரைக் கண்ணாடியில் மஞ்சளாக இறங்கும். யார் யாரோ பேசுவதை அவள் தாய்மொழியில் மெல்லச் சொல்லிக்கொண்டே போவாள். சபையே தண்ணீருக்கடியில் மிதப்பதுபோலவும், அவளும் அவரும் மட்டும் வேறெங்கோ உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பதுபோலவும் தோன்றும். சில சமயம் அவர் உதட்டில் ஒரு சிரிப்பு வந்து போகும், கனவு காண்கிறவரைப்போல.

இருந்தாலும் அவளுக்கு மனத்தாங்கல்தான். இவ்வளவு பெரிய பதவிக்கு வந்தவர் அந்த மொழியைக் கற்றுக்கொண்டால்தான் என்ன? அவரைப் பார்த்து மற்றவர்கள் சிரிக்கும்போது அவளுக்குச் சுருக்கென்றது.

சபை கலைந்ததும் படியிறங்கினாள். தூணோரம் யாரோ சபை மொழியில் சரளமாகப் பேசுகிற குரல்.

அவரேதான். காவலாளியிடம், மனைவிக்குக் காய்ச்சல் விட்டதா என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

அவள் அப்படியே நின்றுவிட்டாள். காவலாளி நகர்ந்ததும் கேட்டாள்.

"ஐயா, இவ்வளவு நல்லாப் பேசறீங்க. அப்புறம் எதுக்கு அதைக் காதுல மாட்டிக்கிட்டு ஊர் வாயில விழறீங்க?"

அகப்பட்டுக்கொண்டவர்போல் சிரித்தார். "கண்ணை மூடிக்கிட்டு நம்ம மொழியில கேட்டா சுகமா இருக்கும்மா."

"நிஜத்தைச் சொல்லுங்க."

"நானும் கழட்டிட்டா, கேக்க ஆளில்லன்னு உங்க அறையைப் பூட்டிருவாங்க."

"என் வேலைக்காகவா இத்தனை பேச்சு வாங்கறீங்க?"

"உங்களுக்கு எங்க போனாலும் வேலை கிடைக்கும்மா" என்றார் அவர். "அடுத்த தேர்தல்ல என்னை எதிர்த்து நிக்கப்போறது, மீன் மார்க்கெட்ல கடை வச்சிருக்கிற ஒரு பொண்ணு. நம்ம மொழி மட்டும்தான் தெரியும். கெட்டிக்காரி. அவ ஜெயிச்சு இங்க வந்து உக்காந்தா, இங்க பேசறதை யாரும்மா அவளுக்குச் சொல்லுவாங்க?"