ஐந்து வாக்கியங்களுக்குக் கீழே ஒரு கையெழுத்து

"நான் கையெழுத்துப் போட மாட்டேன். வேணும்னா நீ போடு."

பல் டாக்டர் சாப்பாட்டு மேசையில் இருந்த நோட்டை மனைவியின் பக்கம் தள்ளினார். கார் ஓட்டச் சொல்லித்தரும் பள்ளியில் பயிற்சியாளரான அவள், அப்போதுதான் வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றியிருந்தாள்.

"அப்படி என்னதாங்க எழுதியிருக்கா?"

ஒன்பதாம் வகுப்பு மகள் ஆங்கில நோட்டை விரித்து வைத்து, 'நாளைக்குக் கடைசி. யாராவது ஒருத்தர் படிச்சிட்டுக் கையெழுத்துப் போடவும்' என்று ஒரு சீட்டையும் செருகிவிட்டுப் பூப்பந்து விளையாடப் போயிருந்தாள். புது வார்த்தைகளை உருப்போடக் கூடாது, வீட்டில் நடப்பதோடு சேர்த்து வாக்கியமாக்கித்தான் பழக வேண்டும் என்பது அவளுடைய டீச்சரின் கொள்கை. ஐந்து வார்த்தை, ஐந்து வாக்கியம், கீழே பெற்றோர் கையெழுத்து.

டாக்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னார்.

"முதல் வார்த்தை, 'ரிலக்டன்ட்'. மாமா வந்தால், அவரைப் பார்க்க என் அப்பாவுக்கு மனசே வராது."

"இதுல என்ன பொய்? எங்க அண்ணன் வந்தாத்தான் உங்களுக்குக் குளிக்கணும்னு தோணும். போன தடவை ஒண்ணரை மணி நேரம் குளிச்சீங்க."

"அவர் ஒண்ணரை மணி நேரம் இருந்தாரே, நான் என்ன பண்றது?"

"சரி, அடுத்தது?"

"'கன்சீல்'. புத்தகங்களுக்குப் பின்னால்…" டாக்டர் பாதியில் நிறுத்தி நோட்டை நீட்டினார். "நீயே படிச்சுக்கோ."

'புத்தகங்களுக்குப் பின்னால் என் அப்பா எதையோ மறைத்து வைக்கிறார்.'

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, அலமாரியின் மேல்தட்டில் இருந்த தடித்த பல் மருத்துவப் புத்தகங்களை விலக்கினாள். உள்ளே போன கை ஒரு தகர டப்பாவோடு வெளியே வந்தது.

"சாக்லேட்! ஏன் டாக்டரே, ஊருக்கெல்லாம் இனிப்பைத் தொடாதேன்னு உபதேசம். இங்க தனியா ஒரு கடையே நடக்குதா?"

"கத்தாதே. அந்த டீச்சர் என்கிட்டதான் பல்லுக்கு வர்றாங்க. போன வாரம்தான் 'சாக்லேட்டைக் கண்ணாலகூடப் பார்க்காதீங்கம்மா'ன்னு அரை மணி நேரம் திட்டினேன். இதைப் படிச்சாங்கன்னா, புதன்கிழமை எந்த முகத்தை வெச்சுக்கிட்டு அவங்களை வாயைத் திறக்கச் சொல்றது?"

அவள் நாற்காலி மேலேயே நின்று குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

"சிரிக்காதே. மூணாவது உன்னோடது. 'இன்னசென்ட்'. ஒரு தப்பும் செய்யாதவர் மேல் என் அம்மா பழி போட்டார்."

சிரிப்பு பட்டென்று நின்றது. அவள் மெல்ல இறங்கினாள்.

"பாவி மக. அன்னிக்கு ஜன்னல்கிட்டயேதான் நின்னிருக்கா."

"என்னிக்கு?"

"அதான்… கார்ல கோடு விழுந்துச்சே…"

"அது பால் வண்டிக்காரர் இடிச்சதுன்னு சொன்னே! மூணு மாசமா நான் அந்த மனுஷன் முகத்துலயே முழிக்கறதில்லையே!"

"ரிவர்ஸ் எடுக்கறப்ப கேட்ல லேசா உரசிடுச்சுங்க."

"நீ ரிவர்ஸ் எடுக்கச் சொல்லித்தர்றவ!"

"அதனாலதான் சொல்லல. அந்த டீச்சர் திங்கட்கிழமைதான் எங்ககிட்டக் கார் கத்துக்கச் சேர்ந்திருக்காங்க. 'பதினெட்டு வருஷத்துல என் வண்டியில ஒரு கீறல் விழுந்ததில்ல'ன்னு முதல் நாளே அளந்து விட்டுட்டேன்."

"அதுதான் நாலாவது. 'எக்ஸாஜரேட்'. என் அம்மா எதையும் ஒன்றுக்குப் பத்தாகச் சொல்வார்."

ஐந்தாவது 'ப்ரிடென்ட்'. வேலை என்று வந்தால் என் அப்பா தூங்குவது போல நடிப்பார். அதை மட்டும் டாக்டர் வேகமாக வாசித்துத் தாண்டிப் போனார்.

"ஒண்ணு கவனிச்சியா? ஒரு பிழைகூட இல்ல. வரிக்கு ரெண்டு தப்பு விடறவ, நம்மளப் பத்தின்னா எவ்வளவு சுத்தமா எழுதறா பாரு."

"பெருமைப்பட நேரம் பாத்தீங்க. பக்கத்தைக் கிழிச்சிடலாமா?"

"ஒவ்வொரு பக்கத்துக்கும் நம்பர் போட்டு முத்திரை குத்தியிருக்காங்க."

"தண்ணியைக் கொட்டிட்டா?"

"அப்படி ஒரு வீட்ல கொட்டினாங்களாம். அதையே பத்து தடவை எழுத வெச்சுட்டாங்களாம். பத்து தடவையும் டீச்சர் படிப்பாங்க, தேவையா?"

வாசல் கதவு திறந்தது. மகள் மட்டையோடு உள்ளே வந்தாள். திறந்த டப்பாவையும் நாற்காலியையும், பக்கத்துப் பக்கத்தில் நின்ற அப்பா அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"கையெழுத்துப் போட்டாச்சா?"

"கண்ணு, இங்க வா," என்றார் டாக்டர். நோயாளியிடம் ஊசியை மறைத்துக்கொண்டு பேசும் அதே குரல். "இந்த டப்பாவை இன்னிக்கே யாருக்காவது கொடுத்துடறேன். மாமா வந்தா பாத்ரூமுக்குள்ள ஒளியமாட்டேன். கூப்பிட்ட உடனே எழுந்திரிச்சு வர்றேன்."

"நானும் காலையில பால் வண்டிக்காரர்கிட்டப் போய், கேட்ல உரசினது நான்தான்னு மன்னிப்புக் கேட்டுடறேன்டா," என்றாள் அம்மா. "நீ அந்த அஞ்சு வாக்கியத்தை மட்டும் மாத்தி எழுதிடு, தங்கம். எங்க மானமே உன் கையிலதான் இருக்கு."

மகள் நோட்டை எடுத்துப் பார்த்தாள். பிறகு இருவரையும் பார்த்தாள்.

"எதுக்குப்பா மாத்தணும்? இது மிஸ் உதாரணத்துக்குப் போர்டுல எழுதிப் போட்டது. வகுப்புல நாற்பது பேரும் அப்படியே பார்த்து எழுதினோம். இதுக்கும் வீட்ல கையெழுத்து வேணுமாம்."

அடுத்த பக்கத்தைப் புரட்டி, பேனா மூடியைக் கழற்றிக்கொண்டு நாற்காலியில் வசதியாக உட்கார்ந்தாள்.

"சொந்தமா அஞ்சு வாக்கியம் இனிமேதான் எழுதணும், என்ன எழுதறதுன்னே தெரியாம இருந்தேன்… அம்மா, பால் வண்டிக்கு இங்கிலீஷ்ல என்ன?"