தள்ளுபடி

ரைஸ் மில்லுக்குக் கோதண்டம் பட்டிருந்த கடன் முந்நூற்று நாற்பது ரூபாய். அதற்காக அவனும் பெண்டாட்டி உண்ணாமலையும் மில் களத்திலேயே கிடந்து நெல் காயவைத்தார்கள். காலால் நெல்லைக் கிளறக் கொஞ்சம் தாமதித்தாலும் மேஸ்திரி வாய்க்கு வந்தபடி ஏசுவான். தூக்கத்தில்கூடக் கோதண்டம், "இதோ கிளர்றேங்க" என்று காலை உதைத்துக்கொள்வான்.

அன்று முதலாளியே உண்ணாமலையைக் கூப்பிட்டார்.

"கடனைத் தள்ளிட்டேன். உன் வூட்டுக்காரனக் கூட்டிக்கினு ஊர் போய்ச் சேரு."

"அண்ணாமலையாரே!" அவள் மலையைப் பார்த்துக் கும்பிட்டாள். "நெசமாவாங்க?"

அவர் களத்தைக் காட்டினார். நெல்லையெல்லாம் மத்தியானமே அள்ளியாகிவிட்டது. வெறும் சிமெண்டுத் தரையைக் கோதண்டம் காலால் கிளறிக்கொண்டிருந்தான்.

"இனிமே இவன வெச்சிக்கினு நான் என்னா பண்ண?"

உண்ணாமலை ஓடிப்போய் அவன் கையைப் பிடித்தாள். "கடன் தீந்துபோச்சு, வாய்யா போலாம்."

"உடுடி, மேஸ்திரி பாக்குறாரு" என்றான் கோதண்டம்.