முப்பத்தொரு தடவை

"யாருன்னு கண்டுபிடி."

மேனேஜர் மேடம் ஒரு காகிதத்தை மேசையில் எதிரே நின்ற அவள் பக்கம் தள்ளினார். கம்பெனி வெப்சைட்டில் எந்தப் பக்கத்தை எத்தனை பேர் பார்த்தார்கள் என்று மாதம் ஒருமுறை அவள் எடுத்துத் தரும் விவரம். இத்தனை மாதமாக மேடம் அதைப் புரட்டிக்கூடப் பார்த்ததில்லை. இன்று ஒரு வரியின் கீழே சிவப்பு மையில் கோடு.

'ஊழியர் விதிகள், மகப்பேறு விடுப்பு: 31 தடவை.'

"போன மாசம் வரைக்கும் ஒருத்தரும் எட்டிப் பாக்காத பக்கம். இந்த மாசம் முப்பத்தொண்ணு. ஆபீஸ் கம்ப்யூட்டர்ல மட்டும்தானே அது திறக்கும்?"

"ஆமா மேடம்."

"தேடுற பெட்டியில என்ன டைப் பண்ணாங்கன்னும் நீயே போட்டிருக்கே. 'லிஃப்ட்', 'கீழ்த்தளத்துக்கு மாற்றம்', 'ஒப்பந்தம் ரத்து'. எந்த கம்ப்யூட்டர்னு பாத்தா ஆள் தெரிஞ்சிடும்ல?"

"தெரியும்" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"சாயங்காலத்துக்குள்ள சொல்லு."

வெளியே வந்து தன் மேசையில் உட்கார்ந்தாள். இந்தப் பார்சல் கம்பெனியின் கம்ப்யூட்டர்களையும் வெப்சைட்டையும் பார்த்துக்கொள்ளும் வேலையில் சேர்ந்து ஐந்து மாதம். அவள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவள்தான். ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்த முதல் ஆளும் அவள்தான். வேலையை நிரந்தரமாக்கும் கடிதம் மேடத்தின் கையெழுத்துக்காகக் காத்துக் கிடந்தது.

மேடமோ யாராவது பத்து நிமிடம் தாமதமாக வந்தால் அரைநாள் சம்பளம் பிடிக்கிறவர். ஒப்பந்த ஆட்களில் யாரை வைத்துக்கொள்வது, யாரை அனுப்புவது என்ற பட்டியல் வேறு இந்த வாரம் தயாராகிறது.

கம்ப்யூட்டரைத் திறந்தாள். இரண்டே நிமிடம்தான் ஆனது.

மூன்றாவது மாடி, புகார்ப் பிரிவு, ஜன்னலோர மேசை. எல்லாரும் சாப்பிடப் போன பிறகு, ஒன்று பத்திலிருந்து ஒன்றரை வரை.

அக்கா!

காணாமல் போன பார்சலுக்கெல்லாம் மன்னிப்புக் கடிதம் எழுதுகிற, ஒப்பந்தத்தில் இருக்கும் அக்கா. தினமும் அவளோடு உட்கார்ந்து சாப்பிடுகிறவள், இந்த மாதம் மட்டும் "பசிக்கலை, நீ போடி" என்று மேலேயே இருந்துவிட்டாள். கல்யாணமாகி எட்டு வருடம். இரண்டு முறை கரு தங்காமல் போனதை ஒரே ஒரு நாள் சொல்லி அழுதிருக்கிறாள். இந்த முறை யாரிடமும் மூச்சு விடவில்லை.

அக்கா வாய் திறந்து சொல்லாததை, அக்காவின் மேசையை வேவு பார்த்துத் தெரிந்துகொண்டாயிற்று. வெறும் எண்கள் என்று நினைத்தல்லவா மாதாமாதம் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தாள்?

"என்னடி கம்ப்யூட்டர், பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்கே?"

அக்காவேதான். மாடிப்படிக்குக் கீழே நின்றிருந்தாள். கம்பெனிக்குக் கீழ்த்தளமும், புகார்ப் பிரிவு மட்டும் இருக்கும் மூன்றாவது மாடியும்தான். நடு மாடிகளில் வேறு கம்பெனிகள். லிஃப்ட் கிடையாது. அறுபத்து நாலு படி.

"ஒண்ணுமில்லக்கா. பாத்து, மெதுவா ஏறுங்க."

"ஏன், எனக்கென்ன வயசா ஆயிடுச்சு?"

சிரித்துக்கொண்டே ஏறினாள். பத்துப் படிக்கு ஒரு தரம் நின்றாள்.

சாயங்காலம் மேடத்தின் முன்னால் போய் நின்றாள்.

"யாரு?"

"சொல்ல மாட்டேன் மேடம்."

"தெரியலையா, சொல்ல மாட்டியா?"

"தெரியும். சொல்ல மாட்டேன். அந்தப் பதிவை அழிச்சிட்டேன். இனிமே எந்த கம்ப்யூட்டர்னு பதியாத மாதிரியும் மாத்திட்டேன்."

"யாரைக் கேட்டு அழிச்சே?"

"யாரையும் கேக்கல. அவங்களைக் கேட்டா மேடம் நாம பதிஞ்சோம்?"

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

"சரி, போ."

அன்று வெள்ளிக்கிழமை. சனியும் ஞாயிறும் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. வேலை போய்விட்டது என்று வீட்டில் எப்படிச் சொல்வது என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே இருந்தாள்.

திங்கட்கிழமை காலை, நோட்டீஸ் போர்டு முன்னால் ஒரே கூட்டம்.

'மூன்றாவது மாடியில் கூரை ஒழுகுவதால், புகார்ப் பிரிவு முழுவதும் இன்று முதல் கீழ்த்தளத்தில் மேனேஜர் அறையிலும் மீட்டிங் அறையிலும் இயங்கும். மேனேஜர் அறை மூன்றாவது மாடிக்கு மாற்றப்படுகிறது. ஒப்பந்த ஊழியர் பட்டியலில் மாற்றம் எதுவும் இல்லை.'

"மழையையே காணோம், கூரை எப்படிய்யா ஒழுகுது?" என்றார் பார்சல் கவுன்ட்டர் அண்ணன். "இத்தனை நாள் பக்கத்துல உக்காந்து உயிரை வாங்கினாங்க. இனிமே தலை மேல உக்காந்து வாங்கப் போறாங்க."

"ஒன்பது பேரோட மேசை நாற்காலியை இப்ப எப்படி இறக்கறது? இந்தம்மாவுக்கு வேற வேலையே இல்லை" என்று அக்காவும் சேர்ந்து அலுத்துக்கொண்டாள்.

அவள் மட்டும் மேலே ஏறிப் போய்ப் பார்த்தாள். ஒவ்வொரு மூலையாக அண்ணாந்து பார்த்தாள். கூரையில் ஒரு சொட்டு ஈரம்கூட இல்லை.

திரும்பினால், கடைசிப் படியில் மேடம். ஒரு கையில் ஃபைல் கட்டு, இன்னொரு கை முழங்காலில். மூச்சு வாங்கிக்கொண்டே ஒரு காகிதத்தை உருவி அவளிடம் நீட்டினார்.

நிரந்தர வேலைக் கடிதம். கையெழுத்துக்குக் கீழே வெள்ளிக்கிழமைத் தேதி.

கூரையையும் மேடத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"மேடம்... எங்கேயும் ஒழுகலையே?"

"ஒழுகும்" என்றார் மேடம். "இன்னும் ஏழெட்டு மாசத்துக்கு ஒழுகும்."