குண்டனுக்கு ஓர் அனுமதி

“போன வாரம் குடுத்த லெட்டர் செல்லாது. நாயைப் பாக்காம கையெழுத்துப் போட மாட்டேன்னு சொல்லிடு.”

உள்ளறையிலிருந்து டாக்டர் போட்ட சத்தம் பெஞ்சில் காத்திருந்த பெண்ணுக்கும் கேட்டிருக்கும். புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த ரிசப்ஷனிஸ்டுக்குத்தான் சங்கடமாகப் போய்விட்டது.

கால்நடை மருத்துவர் எழுதித் தராமல் விலங்குகளுக்கு யாரும் மசாஜ் செய்யக் கூடாது என்பது சட்டம். குண்டன் கிழட்டு நாய். பின்னங்கால்களைப் பிடித்து நீவிவிட்டால்தான் கொஞ்சமாவது நடக்கும். மசாஜ் செய்பவரிடம் காட்ட வேண்டிய லெட்டருக்காக அந்தப் பெண் வாராவாரம் பஸ் மாறி, அதைச் சுமந்துகொண்டு வந்தாள்.

மற்றவர்களுக்கெல்லாம் டாக்டர் ஒரே தடவைதான் எழுதிக் கொடுப்பார். இவள் மேல் மட்டும் என்ன வஞ்சமோ என்று ரிசப்ஷனிஸ்ட் மனதுக்குள் பொருமினாள். நாயைப் பிடித்துக்கொள்ள அவளும் உள்ளே போனாள்.

டாக்டர் அந்தப் பெண்ணை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. நாயின் தலையைத் தடவியபடி நாயிடமே கேட்டார்.

“ரொம்ப இளைச்சுட்டியே. வேளாவேளைக்குச் சாப்பிடறதில்லையா?”

“சாப்பிடறான்” என்றாள் அந்தப் பெண். குண்டன் மேசை மேல் பீப்பாய் மாதிரி உருண்டு கிடந்தது.

அடுத்த வாரம் அவள் வெறுங்கையோடு வந்தாள். டாக்டரே எழுந்து வெளியே வந்துவிட்டார்.

“குண்டன் எங்கே?”

“போயிட்டான். தூக்கத்துலேயே உயிர் போயிடுச்சு. இனிமே லெட்டர் வேண்டாம்னு சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்.”

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார்.

“வேற நாய் ஏதாவது வளக்கப் போறீங்களா?”

“இல்ல.”

“சரி” என்று உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அடுத்து யாரையும் கூப்பிடவில்லை.

ரிசப்ஷனிஸ்டுக்குப் பொறுக்கவில்லை. வாசல்வரை ஓடிப்போய் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்தாள்.

“மனசு கேக்கலக்கா. சட்டப்படி ஒரு தடவை எழுதி வாங்கினாலே போதும். இவர்தான் உங்களை வேணும்னே அலைய விட்டாரு.”

அந்தப் பெண் சாத்தியிருந்த கதவைத் திரும்பிப் பார்த்தாள்.

“எனக்கும் தெரியும்மா. பேச்சு விட்டுப்போன மகளை எங்கப்பா வேற எப்படிப் பாப்பாரு?”